குளத்துக்கு எடுத்த கல்

திருப்பதி
12 ஜூலை 2024

அன்புள்ள தம்பி டைட்டஸுக்கு,

அக்கா எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் நானும் உன் மாமாவும் நலம். உன் காது எப்படி இருக்கிறது? புது மெஷினை மாட்டினால் தலைக்குள் வண்டு சுற்றுகிற மாதிரி இருக்கிறது என்று போன தடவை எழுதியிருந்தாய். கல் அறுக்கிற பட்டறையில் முப்பது வருஷம் நின்ற காது, வேறு எப்படி இருக்கும்? போனில் உன்னிடம் கத்திக் கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம். வாட்ஸ்அப்பில் நீ நாலு வார்த்தைக்கு மேல் தட்டமாட்டாய். நமக்குக் கடிதம்தான் சரி. ரிடயர்டு தமிழ் டீச்சருக்கும் எழுத்து மறக்காமல் இருக்கும்.

முதலில் சந்தோஷமான சேதி. மாமா தினமும் காலையில் நம் வீட்டுக் குளத்தில் இறங்குகிறார். முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு தரையில் பத்தடி நடக்க ஊன்றுகோலும் வேண்டும், என் தோளும் வேண்டும். மார்பளவு தண்ணீரில் தனியாகக் கையை வீசிக்கொண்டு நடக்கிறார். நேற்று முப்பது சுற்று. "ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இருந்தப்பகூட இவ்ளோ நடந்ததில்ல ஜெயா" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து இரண்டு வருஷம் ஆகிறது. "குடிக்கிற தண்ணிக்கே லாரி பின்னாடி ஓடுறோம், இவங்களுக்கு ஸ்விம்மிங் பூல் கேக்குது" என்று எதிர்வீட்டு அம்மா தெலுங்கில் சொன்னது காதில் விழுந்தது. டாக்டர் சொல்லிக் கட்டியது என்று தெருவெல்லாம் போய் விளக்க முடியுமா? விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு குறை. கல் வெளுக்கிறது. பிப்ரவரியில் நீ போட்டுக்கொடுத்தபோது மழையில் நனைந்த எருமை மாதிரி அப்படி ஒரு கறுப்பு. இப்போது சாம்பல் பூசிய மாதிரி இருக்கிறது. அதோடு இறங்குகிற முதல் படியின் ஓரம் வெங்காயத்தோல் மாதிரி உரிகிறது. கிரானைட் உரியுமா தம்பி? ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போ. உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன்.

ஜெமிமாவுக்கு என் அன்பைச் சொல்.

உன் அக்கா
ஜெயகுமாரி


சித்தூர்
24 ஜூலை 2024

அன்பான அக்காவுக்கு,

தம்பி டைட்டஸ் ஸ்தோத்திரம் சொல்லிக்கினு எழுதுறது. நாங்க ரெண்டு பேரும் சுகம். மாமா தண்ணியில நடக்கிறார்னு படிச்சதும் ஜெமிமா அழுதுட்டா. எனக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சி.

கல்லைப் பத்தி நீ பயப்படாதே. உங்க ஊரு போர் தண்ணி அப்படி. பக்கெட்டுல ஒரு வாரம் வெச்சா வெள்ளையா படியுதுல்ல, அதேதான் கல்லு மேலயும் படியுது. பஸ் பார்சல்ல ஒரு டின் சீலர் போட்டிருக்கேன். தண்ணியை இறக்கி, நல்லா காயவெச்சி, ரெண்டு கோட் அடிக்கச் சொல்லு. கறுப்பு திரும்ப வந்துரும்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்கோ அக்கா. குளம் கழுவ வர்றவன் எவனாச்சும் ஆசிட் ஊத்தறேன்னு சொன்னா விடாதே. ஆசிட் மட்டும் வேணாம்.

நேர்ல வரணும்னுதான் இருக்குது. பங்காருபாளையத்துல மாங்காய் மண்டிக்காரர் ஒருத்தர் வீட்டுக்குப் படிக்கட்டு வேலை ஓடிக்கினு இருக்குது. போதாததுக்கு சர்ச் கமிட்டியில என்னைச் செயலாளரா போட்டுட்டாங்க. ஞாயித்துக்கிழமையும் எனக்கு இல்ல.

மாமாவுக்கு ஸ்தோத்திரம்.

தம்பி
டைட்டஸ்


திருப்பதி
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள டைட்டஸ்,

நீங்கள் இருவரும் சுகம்தானே? சீலர் டின் வந்து சேர்ந்தது. நீ சொன்னபடியே செய்தோம். நாலு நாள் கறுப்பாக இருந்தது. ஐந்தாம் நாள் சாக்லெட் சுற்றி வருகிற காகிதம் மாதிரி சீலர் சுருண்டுகொண்டு மேலே மிதந்தது. அதோடு கல்லின் தோலும் சேர்ந்து வந்தது. ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கை அகலம், அட்டை கனம், ஓரம் பிளேடு மாதிரி. அந்தத் துண்டை எடுத்துவந்து சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். நீ வரும்போது காட்ட வேண்டும்.

மாமாவிடம் சொன்னால் கோபப்படுகிறார். "என் மச்சான் போட்ட கல்லைக் குறை சொல்லாதே. சொந்த வீட்டுக்குப் போடற மாதிரி நின்னு போட்டான்" என்கிறார். உண்மைதான். அந்த மூன்று நாளும் மேஸ்திரி சந்திரனைக்கூட நம்பாமல் நீயே முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக வைத்தாய். அதை நான் மறக்கவில்லை.

மாமாவின் வலது பாதத்தில் சின்னதாக ஒரு கீறல். சர்க்கரை இருப்பதால் காலில் உணர்ச்சி குறைவு, எப்போது கிழித்தது என்று அவருக்கே தெரியவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறேன்.

ஒரு தடவை வந்துவிட்டுப் போ தம்பி. இரண்டு மணி நேரப் பஸ்தானே.

அக்கா
ஜெயகுமாரி


சித்தூர்
30 செப்டம்பர் 2024

அன்பான அக்காவுக்கு,

கடுதாசி போட லேட்டாயிடுச்சி, கோச்சிக்காதே. நாங்க சுகம். மாமா கால் ஆறிடுச்சா? கர்த்தர் தொட்டு சுகம் குடுக்கட்டும்.

சந்திரன் மேஸ்திரி ஸ்ரீ சிட்டி பக்கம் ஒரு ஃபேக்டரி வேலைக்குப் போயிட்டான். ஆள் இல்லாம நானே எல்லாம் பாத்துக்கினு இருக்கேன். நீ ஒண்ணு பண்ணு. இப்போதைக்குத் தண்ணியை இறக்கிடு. அப்படி இறங்கியே ஆகணும்னா மாமா ரப்பர் செருப்பு போட்டுக்கினு இறங்கட்டும். வெறுங்கால் வேணாம். படி ஓரத்துல உக்காரவும் வேணாம். நான் எழுதினேன்னு சொல்லு, கேப்பார்.

வெயில் தணிஞ்சதும் வரேன்.

தம்பி
டைட்டஸ்


திருப்பதி
10 நவம்பர் 2024

அன்புள்ள டைட்டஸ்,

நலம்தானே? உன் கடிதம் வந்தபோது நாங்கள் வீட்டில் இல்லை. மாமாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லாமல் வேலூரில் பதினேழு நாள் இருந்தோம். இப்போது பரவாயில்லை. வீட்டுக்கு வந்தாயிற்று. இட்லி இரண்டு தின்கிறார். நேரில் பார்க்கும்போது எல்லாம் சொல்கிறேன். நீ கவலைப்படக் கூடாது, உனக்கும் பிரஷர் இருக்கிறது.

குளம் காலியாகத்தான் கிடக்கிறது. வேப்பிலை உதிர்ந்து அடியில் சேர்கிறது. மாமா ஜன்னல் பக்கம் நாற்காலி போடச் சொல்லி அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். செருப்பு போட்டு இறங்கச் சொன்னாய் என்று சொன்னேன். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது வா. அவசரப்படுத்தவில்லை.

அக்கா
ஜெயகுமாரி


சித்தூர்
2 டிசம்பர் 2024

அன்பான அக்காவுக்கு,

மாமா வீட்டுக்கு வந்துட்டாருன்னு தெரிஞ்சி கர்த்தருக்கு நன்றி சொன்னோம்.

நான் ஒண்ணு யோசிச்சேன். அந்தக் குளம் இனிமே எதுக்கு? நல்ல செம்மண்ணு ரெண்டு டிராக்டர் அனுப்பறேன். ரொப்பிட்டு மேல பூச்செடி வெச்சிடு. மாமா ஜன்னல்ல உக்காந்து பாக்க நல்லா இருக்கும். செலவு என்னோடது.

கிறிஸ்துமஸுக்குக் கேக்கு பார்சல்ல வரும்.

தம்பி
டைட்டஸ்


சித்தூர்
28 டிசம்பர் 2024

என் அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி ஜெமிமா அநேக வாழ்த்துக்களுடன் எழுதுகிறேன். பிரகாசம் அண்ணன் எப்படி இருக்கிறார்? தினமும் அவர் பேரைச் சொல்லி ஜெபிக்கிறேன்.

இந்தக் கடிதம் நான் எழுதுவது உங்கள் தம்பிக்குத் தெரியாது. அண்ணனுக்கு உடம்பு முடியாத நேரத்தில் அண்ணியைக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணாதே என்று சொல்லிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஜனவரி 19 ஞாயிறு நம் சர்ச்சில் புது ஆல்டர் பிரதிஷ்டை. பிஷப் வருகிறார். ஆல்டர் மேடை முழுக்கக் கறுப்பு கிரானைட் போட்டுக் கொடுத்தது உங்கள் தம்பிதான் அண்ணி. மாமனார் பேரில் கொடுத்திருக்கிறார். இந்த வருஷம் மார்ச்சிலேயே போட்டாகிவிட்டது. கூரை ஒழுக்கு வேலை முடியாமல் பிரதிஷ்டை இத்தனை நாள் தள்ளிப்போனது. அதில் நிற்கும்போது முகம் தெரியும், அப்படி ஒரு கல். மாமனார் பேரைக் கல்வெட்டில் பார்க்க நீங்கள் வராமல் இருக்கலாமா?

வாருங்கள். உங்களைத் திடீரென்று பார்த்தால் அவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்!

அன்புள்ள
ஜெமிமா


திருப்பதி
23 ஜனவரி 2025

டைட்டஸ்,

நான் வீடு வந்து சேர்ந்துவிட்டேன். நலம்.

ஞாயிற்றுக்கிழமை நீ என்னைப் பார்த்தாய். ஆராதனை முடிந்து ஜெமிமா ஓடிவந்து கையைப் பிடித்தாள். நீ பிஷப்போடு போட்டோவுக்கு நின்றாய். பிறகு உன்னைக் காணவில்லை. அதனால் சொல்ல வந்ததை எழுதுகிறேன்.

ஜனவரி முதல் வாரம் குளத்தைச் சரிபண்ண முடியுமா என்று பார்க்க சுரேஷ்பாபு என்று ஒருவரை வரவழைத்தேன். இந்த ஊரில் ஹோட்டல் குளங்களை எல்லாம் பார்ப்பவர். ஆசிட் மட்டும் வேண்டாம், என் தம்பி சொல்லியிருக்கிறான் என்றேன். "கிரானைட்டுக்கு ஆசிட் ஒண்ணும் பண்ணாதே அம்மா, ஏன் வேணாம்னாரு?" என்று கேட்டு ஒரு மூடி ஆசிட்டைப் படியில் ஊற்றினார். பால் பொங்குகிற மாதிரி நுரைத்துக்கொண்டு வந்தது. அவர் உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதி கிரானைட் காதம்மா, கிரானைட்டே இல்ல. கடப்பா கல், சுண்ணாம்பு ஜாதி. எண்ணெய் தேச்சிக் கறுப்பாக்கி இருக்காங்க. தண்ணியில ஊறுனா ஏடு ஏடா பேந்து வரும். வீட்டுல அலமாரித் தட்டுக்குப் போடற கல்லைக் குளத்துல போட்டது யாரு?" என்று கேட்டார்.

அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? என் தம்பியை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றியது. மாமாவும் அதையேதான் சொன்னார். "பாவம் டைட்டஸ், லோடு அனுப்பினவன் அவன் தலையில கட்டிட்டான். பதமாச் சொல்லு ஜெயா, தெரிஞ்சா ஒடிஞ்சிபோயிடுவான்" என்றார். ஜெமிமாவின் கடிதம் அந்த வாரம்தான் வந்தது. நேரில் போய்ப் பக்குவமாகச் சொல்லலாம் என்று, பக்கத்து வீட்டுப் பெண்ணை மாமாவுக்குத் துணை வைத்துவிட்டு வந்தேன். உனக்கு ஆறுதல் சொல்ல வந்தேன் டைட்டஸ்.

திருவிருந்துக்கு வரிசையில் போய் மேடையில் முழங்கால் போட்டேன். கண்ணை மூடுவதற்கு முன்னால் கீழே பார்த்தேன். என் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. நேராக வந்து, இரண்டாகப் பிரிந்து, அதில் ஒன்று மட்டும் வளைந்து போகிற கோடு. போன வருஷம் பொங்கலுக்கு மறுநாள் உன் பட்டறையில் நானும் மாமாவும் பதினாறு ஸ்லாப் பொறுக்கினோம். மாமா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஊன்றுகோலால் தட்டித் தட்டிக் காட்டினார். இந்தக் கோடு போட்ட கல்லைப் பார்த்துவிட்டு, "ரயில் லைன் பிரியற மாதிரி இருக்குது, இதை முதல் படியில போடு மச்சான், நான் காலை வெக்கற இடத்துல" என்றார். பிப்ரவரியில் அந்தக் கல் எங்கே என்று கேட்டதற்கு, அறுக்கும்போது உடைந்துவிட்டது என்றாய்.

அப்பம் கொடுக்கப் போதகர் ஐயர் வந்தார். நான் கை நீட்டவில்லை. எழுந்து வந்துவிட்டேன். என் வாழ்நாளில் முதல் தடவை.

சுவரில் கல்வெட்டையும் படித்தேன். "ஞானமுத்து நினைவாக, குமாரன் டைட்டஸ் காணிக்கை."

இப்போது நான் உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன். வேலூரில் பதினேழு நாள் இருந்தோமே, அது அந்தக் கீறல்தான். சீழ் பிடித்து எலும்புவரை போய்விட்டது. வலது காலில் கட்டைவிரலையும் அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். நீ போட்ட கல்லால் இப்படி ஆனது என்று தெரிந்தால் நீ தாங்கமாட்டாய் என்றுதான் எழுதவில்லை. யாரும் உன்னிடம் சொல்லக் கூடாது என்று மாமா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

செப்டம்பரில் நீ எழுதியதை எடுத்து மறுபடி படித்தேன். வெறுங்காலோடு இறங்க வேண்டாம். படி ஓரத்தில் உட்கார வேண்டாம். உனக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கல் என்ன பண்ணும் என்று தெரிந்திருக்கிறது. ஒரு பஸ் ஏறி வந்து, "அக்கா, மாமாவை அதில் இறக்காதே, அது கடப்பா" என்று சொல்ல உனக்கு ஏழு மாதம் இருந்தது.

ஏன் என்று மட்டும் எழுது.

ஜெயகுமாரி


சித்தூர்
20 பிப்ரவரி 2025

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்கு வாய் இல்ல.

ஒரு மாசம் ஆயிடுச்சி. என்ன எழுதறதுன்னு தெரியாம இல்ல, தெரிஞ்சதாலதான் எழுத முடியல. விரல் எடுத்தாங்கன்னு படிச்சதும் பட்டறையை மூடிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். ஜெமிமா கையில கடுதாசியைக் குடுத்தேன். படிச்சிட்டு அவ என்கிட்ட பேசலை. இன்னிக்கும் பேசலை.

ஏன்னு கேட்டே. சொல்றேன். நைனா பேர்ல ஆல்டருக்குக் கல்லு குடுக்கறேன்னு கமிட்டியில எழுந்து சொல்லிட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க. நைனா அந்த சர்ச்சுக்குச் சுண்ணாம்பு அடிச்சவர். அவரைப் பின் பெஞ்சுல உக்கார வெச்ச ஜனம் அக்கா அது. அவர் பேரு ஆல்டர்ல வரணும்னு எனக்கு ஒரு வெறி. குவாரியில இருந்து எனக்கு வந்த லோடுல பாதி விரிசல். அடுத்த லோடுக்கு மூணு மாசம் ஆகும்னுட்டான். ஈஸ்டருக்குப் பிஷப் வர்றதா அப்போ பேச்சு. பட்டறையில நல்ல கல்லுன்னு இருந்தது நீங்க பொறுக்கின பதினாறுதான்.

உன்கிட்ட வந்து அக்கா மூணு மாசம் பொறுன்னு கேட்டிருக்கலாம். நீ சரின்னுதான் சொல்லியிருப்பே. ஆனா மாமா தினமும் எப்போ எப்போன்னு கேட்டுக்கினு இருந்தார், டாக்டர் சீக்கிரம் தண்ணியில இறக்கச் சொன்னாருன்னு நீயும் சொன்னே. கடப்பா கையில இருந்தது. எண்ணெய் தேச்சா யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு வருஷம் தாங்கும், அதுக்குள்ள நல்ல கல்லு வந்ததும் மாத்திடலாம்னு நெனச்சேன். சந்திரன்கிட்டகூட சொல்லலை. அதனாலதான் ஒவ்வொரு கல்லா நானே உக்காந்து போட்டேன். நீ பாசம்னு நெனச்சே.

அப்புறம் சொல்ல முடியல. ஒவ்வொரு கடுதாசியிலயும் சொல்லணும்னுதான் ஆரம்பிப்பேன்.

உள்ளதைச் சொல்லிடறேன் அக்கா. சர்ச்சு ஜனத்துக்கு முன்னாடி தலை குனிஞ்சா அவங்க மன்னிக்க மாட்டாங்க. நீ என்னை மன்னிச்சிடுவே. அதான் உன்கிட்ட எடுத்தேன்.

ஆல்டர் கல்லைப் பேத்து எடுத்துக்கினு வந்து உன் குளத்துல போடறேன். ஆஸ்பத்திரி செலவு எவ்வளவுன்னு எழுது.

டைட்டஸ்


திருப்பதி
3 மார்ச் 2025

டைட்டஸ்,

உன் கடிதம் கிடைத்தது.

ஆல்டரைத் தொடாதே. அந்தக் கல்லின் மேல் ஜனங்கள் முழங்கால் போட்டு ஜெபிக்கிறார்கள். என் வீட்டுக் குளத்துக்காக அதைப் பெயர்த்து எடுத்தார்கள் என்ற பேச்சு எனக்கு வேண்டாம். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதே. அந்த விரல்களுக்கு நீ என்ன விலை போடுவாய்?

நைனாவைப் பின் பெஞ்சில் உட்கார வைத்தது எனக்கும் தெரியும். அவர் பக்கத்தில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு நாளும் அடுத்தவர் சுவருக்கு வாங்கின சுண்ணாம்பை எடுத்து இன்னொரு சுவருக்கு அடிக்கவில்லை.

"நீ மன்னிச்சிடுவே, அதான் உன்கிட்ட எடுத்தேன்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் நான் பல தடவை படித்தேன். நான் உனக்குச் செய்ததெல்லாம், கைக்குழந்தையாக உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனதுவரை, உனக்கு இதற்குத்தான் பயன்பட்டதா?

நான் கேட்பது ஒன்றுதான். நைனா பேர் அந்தச் சுவரில் இருக்கட்டும். உன் பேரை எடு. ஏன் எடுக்கிறாய் என்று அந்த ஜனங்களுக்கு முன்னால் நின்று நீயே சொல். செய்தால் எழுது. செய்யாவிட்டால் எழுதாதே.

ஜெயகுமாரி


சித்தூர்
14 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

செஞ்சிட்டேன்.

மார்ச் 30 ஞாயிறு அறிவிப்பு நேரத்துல எழுந்து முன்னாடி போனேன். ஐயர்கிட்ட மொதல்லயே சொல்லியிருந்தேன். மைக்கைப் புடிச்சிக்கினு எல்லாத்தையும் சொன்னேன். இது எங்க அக்கா, மாமா பொறுக்கின கல்லு, நான் திருடி ஆண்டவருக்குக் குடுத்தேன், எங்க மாமா அதனால கால் விரல் ரெண்டு இழந்தார்னு சொன்னேன். காது மெஷின் அன்னிக்குப் பாத்து வேலை செய்யலை. ஜனங்க வாய் அசையறது தெரிஞ்சிது. என்ன பேசறாங்கன்னு கேக்கலை. வெளியே வந்து, என்ன சொன்னாங்கன்னு எழுதிக் காட்டுன்னு ஜெமிமாகிட்ட பேப்பர் குடுத்தேன். அவ பேப்பரை மடிச்சித் திருப்பிக் குடுத்துட்டா.

கமிட்டியில இருந்து விலகிட்டேன். கல்லு இருக்கட்டும், கர்த்தருக்குக் குடுத்தது குடுத்ததுதான்னு ஐயர் சொல்லிட்டார். கல்வெட்டுல என் பேரை நானே உளி வெச்சிக் கொத்தினேன். முப்பது வருஷமா எத்தனையோ பேர் பேரைக் கல்லுல வெட்டியிருக்கேன், அழிச்சது இதான் மொத தடவை. நைனா பேருக்குக் கீழே இப்போ ஒரு பள்ளம் இருக்குது.

ஈஸ்டருக்கு வரட்டுமா அக்கா? உளி, சுத்தி எடுத்துக்கினு வந்து அந்தக் கடப்பாவை என் கையாலயே பேத்துப் போடறேன். மாமா கால்ல விழணும். அவர்கிட்ட நானே என் வாயால எல்லாத்தையும் சொல்லணும். அதுக்கு மட்டும் விடு.

டைட்டஸ்


திருப்பதி
5 மே 2025

டைட்டஸ்,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஜெமிமா தனியாக எழுதியிருந்தாள். நீ செய்ததாக எழுதியதெல்லாம் உண்மை என்று அவள் சொல்லித்தான் நம்பினேன். இனி உன் எழுத்து எனக்கு அப்படித்தான்.

கடப்பாவைப் பெயர்த்தாயிற்று. சுரேஷ்பாபுவின் ஆட்கள் இரண்டு நாளில் முடித்தார்கள். பாதிக் கல் கையால் இழுத்தாலே ஏடாக வந்துவிட்டது. இப்போது பாத்ரூமுக்குப் போடுகிற மாதிரி சாதாரண நீல டைல், வழுக்காத ரகம். இறங்குகிற இடத்தில் ஸ்டீல் கைப்பிடி வைத்திருக்கிறார்கள். அழகு ஒன்றும் இல்லை.

நேற்று மாமா இறங்கினார். கட்டைவிரல் இல்லாமல் தண்ணீரிலும் பேலன்ஸ் நிற்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஆறு அடி போனார், ஆறு அடி வந்தார். முப்பது சுற்று நடந்தவர். மேலே ஏறி உட்கார்ந்ததும், "பரவால்ல ஜெயா, நாளைக்கு எட்டு" என்றார்.

ஈஸ்டர் போய்விட்டது, ஆனாலும் நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. சித்தூரிலிருந்து வந்த அன்று, பிரதிஷ்டை நல்லபடியாக நடந்தது என்று மட்டும் சொன்னேன். உன் கடிதங்களை அவருக்குப் படித்துக்காட்டவில்லை. லோடு அனுப்பியவன் உன்னை ஏமாற்றிவிட்டான் என்றுதான் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார். யாராவது ஒருநாள் சொல்லிவிடலாம். சொல்லும்வரை அவருக்கு ஒரு நல்ல மச்சான் இருக்கட்டும். அந்த மனுஷனிடமிருந்து முதுகு போயிற்று, நடை போயிற்று, விரல் போயிற்று. இதையும் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நீ வந்து அவர் காலில் விழுந்தால் அவர் ஒரு நிமிஷத்தில் மன்னித்துவிடுவார். நீ லேசான மனதோடு பஸ் ஏறிப் போவாய். அவர் அந்த ஜன்னல் பக்கத்து நாற்காலியில் அதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அதற்கு நான் விடமாட்டேன்.

உனக்கு எழுதப்போகிறேன் என்றதும் அவர் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சொன்னபடியே எழுதுகிறேன்: "மச்சான், தண்ணி நல்லா இருக்குது. வந்து ஒரு தடவை இறங்கிப் பாரு."

எழுதிவிட்டேன். நீ வராதே.

அக்கா